தனகோடி பேரில் வந்த பேப்பர்

"சார், அந்தப் பேப்பரை வாபஸ் வாங்கிடுங்க."

கேட்டேவிட்டாள். எதைக் கேட்கவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்களோ அதையே, கதவைக்கூடச் சாத்தாமல், உட்காரச் சொல்வதற்கு முன்பே நின்றபடி கேட்டுவிட்டாள் தனகோடி. டாக்டர் லட்சுமணன் வாய்க்குக் கொண்டுபோன காப்பியை அப்படியே மேசைமேல் இறக்கினார்.

"எந்தப் பேப்பர்மா?"

"நம்ம கிணத்துப் பேப்பர் சார். போன வருஷம் வந்தது. அது தப்புன்னு நீங்க அந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதினா போதும். எடுத்துடுவாங்க."

முந்தின நாள் ராத்திரிதான் ஹரிப்ரியா போனில் படித்துப் படித்துச் சொன்னாள். ஹரிப்ரியா இதே ஆய்வகத்தில் அவளுக்கு மூன்று வருஷம் சீனியர். இப்போது வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் லெக்சரர். "சார்கிட்ட லீவு கேளு, ரெகமெண்டேஷன் கேளு, அவர் ஸ்கூட்டர் சாவியக்கூடக் கேளு. பேப்பரை வாபஸ் வாங்குங்கன்னு மட்டும் வாயத் தொறந்துடாத. அதுல ரெண்டாவது பேரு என்னோடது, ஞாபகம் இருக்கட்டும்."

ஞாபகம் இருந்தது. மூன்றாவது பேர் சாருடையது. முதல் பேர் எல்லப்பன் மகள் தனகோடியுடையது. அந்த முதல் பேரை வைத்துத்தான் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் அவளுக்கு உதவித்தொகையோடு பி.எச்டி. இடம் கொடுத்திருந்தது. வருகிற செப்டம்பரில் விமானம். பேப்பர் போனால் இடம் போகும். இதை யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

தனகோடிக்கு ஊர் திருக்கழுக்குன்றத்துக்கு உள்ளே தள்ளி. அப்பா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு செங்கல்பட்டில் மினி லாரி ஓட்டுகிறார். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். பி.எஸ்சி., எம்.எஸ்சி. இரண்டும் கெமிஸ்ட்ரி, இரண்டும் அரசுக் கல்லூரி. பிறகுதான் கேளம்பாக்கத்துக்கு வடக்கே ரோட்டோரம் புதிதாக எழும்பிய இந்தத் தனியார் கல்லூரியில், சாரிடம் எம்.ஃபில். சேர்ந்தாள்.

சேர்ந்த வருஷக் கடைசியில் சுனாமி வந்தது. கரையோரக் கிணறுகளில் கடல் புகுந்துவிட்டுப் போனது. அந்த உப்பு எத்தனை மாதத்தில் இறங்குகிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. நெம்மேலி தொடங்கி மாமல்லபுரம் வரைக்கும் அறுபத்திரண்டு கிணறு. மாதம் ஒருமுறை, ஒரு வருஷம். கயிற்றில் வாளியை இறக்கி, பாட்டிலை அலம்பி, நிரப்பி, மூடியில் எண் எழுதி, தோள்பையில் போட்டு, பஸ் பிடித்து ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பாள். கண்டக்டர்கள் அவளைப் பார்த்ததும், "இன்னா பொண்ணே, இன்னிக்கும் சரக்கா?" என்பார்கள். பஸ்ஸே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். அந்த வேலையில் ஒரு சொட்டுப் பொய் இல்லை. எண்ணெல்லாம் அவளுடைய எண்.

இங்கிலீஷ்தான் அவளுடையது இல்லை.

முதலில் தானாகவே எழுதிப் பார்த்தாள். பதினோரு பக்கம். மூன்று வாரம். டிக்‌ஷனரியின் முதுகு உடைந்ததுதான் மிச்சம். சார் இரண்டு பக்கம் படித்துவிட்டு, முகத்தைச் சுளிக்காமல், திட்டாமல், "மாவு எடுத்துக்கோம்மா" என்றார்.

அந்த ஆய்வகத்தில் மாவு என்றால் கம்ப்யூட்டரில் இருந்த ஒரு ஃபைல். சார் இந்தக் கல்லூரிக்கு வரும்போது ஃப்ளாப்பியில் கொண்டுவந்தது. உள்ளே எல்லாம் நல்ல இங்கிலீஷ் வாக்கியங்கள். வெளிநாட்டுக் கட்டுரைகளிலிருந்து எடுத்து, முன்னுரைக்கு இத்தனை, முடிவுரைக்கு இத்தனை என்று பிரித்து வைத்திருந்தார்கள். எந்தக் கட்டுரை, யார் எழுதியது என்று ஒன்றும் இருக்காது. வாக்கியம் மட்டும். படிப்பு முடித்துப் போகிற ஒவ்வொருவரும் புதிதாக ஐம்பது வாக்கியம் சேர்த்துவிட்டுப் போகவேண்டும் என்பது வழக்கம். முந்தின ஆள் அரைத்து வைத்ததில் பிந்தின ஆள் ஊற்றிக்கொள்வார்கள். தன் எண்களை மட்டும் நடுவில் போட்டால் பேப்பர் தயார். "மாவு எடுத்தியா? புளிச்சிடப்போவுது" என்று ஒருவரை ஒருவர் கேலி செய்வார்கள். திருட்டு என்ற நினைப்பே யாருக்கும் கிடையாது. சீனியர் கொடுத்த புஸ்தகத்தில் படிப்பது மாதிரித்தான் அதுவும்.

தனகோடி எடுத்தாள். எப்படி எடுத்தாள் என்பதை நினைத்தால்தான் இப்போது காது மடல் எரிகிறது. கிணறு, கடல், உப்பு மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்தால் அது நம்ம வாக்கியம். அவ்வளவுதான் அவள் கணக்கு. தனித்தனியாகச் சொல் தெரியும். எல்லாம் சேர்ந்து கொடிமாதிரி நீண்டு சுற்றிக்கொண்டு நின்றால், அழகாக இருக்கிறது என்று தெரியும். என்ன சொல்கிறது என்று தோராயமாகத் தெரியும். தோராயம் போதும் என்று இருந்துவிட்டாள்.

பேப்பர் வந்தது. அப்பா முதல் பக்கத்தை லேமினேஷன் போட்டு லாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். லோடு ஏற்ற வருகிறவர்களிடம் எல்லாம், "எம் பொண்ணு எழுதுனது. இங்கிலீஸு. எனுக்கு ஒரு எழுத்துக்கூடப் புரியாது" என்று பெருமையாகச் சொல்வார். மகளுக்கும் அப்படித்தான் என்று அவருக்கு யார் சொல்வது?

வெளிநாட்டுக்கு ஆராய்ச்சி செய்யப் போகிறவர்கள் ஆறு சனிக்கிழமை இங்கிலீஷ் வகுப்புக்கு வந்தாகவேண்டும் என்று அந்தப் பல்கலைக்கழகம் நிபந்தனை போட்டிருந்தது. படூரில் ஒரு அபார்ட்மெண்டின் கீழ்த்தளத்தில் வகுப்பு. பதினான்கு பேர். கட்டுரை எப்படி எழுதுவது, அடுத்தவர் சொன்னதை எப்படி அவர் பேர் சொல்லி எடுத்தாள்வது, கருத்தரங்கில் எப்படி வாயைத் திறப்பது. சொல்லிக்கொடுத்த வசுமதி மேடத்துக்குத் தனகோடியைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். அன்றைக்கே சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியிலும் வகுப்பு இருந்ததால் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு பாடம் நடத்துவார்.

நான்காம் சனிக்கிழமை மேடம் ஒரு பயிற்சி கொடுத்தார். அவரவர் எழுதியதில் ஒரு பத்தியைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்கவேண்டும். அவர் அதைப் படித்து, தாளைக் கவிழ்த்துவிட்டு, தமிழில் சொல்லவேண்டும். எழுதியவர், "ஆமாம், நான் சொல்ல வந்தது இதுதான்" என்று ஒத்துக்கொள்ளவேண்டும்.

தனகோடிக்குப் பக்கத்தில் நிதின். அணுசக்தி டவுன்ஷிப்பில் வளர்ந்த பையன், அப்பா அங்கே சயன்டிஸ்ட். இங்கிலீஷ் அவனுக்கு வீட்டுச் செருப்பு மாதிரி, குனிந்து பார்க்காமலே கால் நுழையும். அவள் கிணத்துப் பேப்பரின் முடிவுரையைக் கொடுத்தாள். அச்சில் வந்தது, யார் குறை சொல்லப்போகிறார்கள் என்ற தைரியம்.

நிதின் ஒரு நிமிஷத்தில் படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்தான்.

"உப்பு இன்னும் முழுசா இறங்கல. சில கிணத்துல மழைக்கப்புறம் கொறஞ்சிருக்கு, சிலதுல இல்ல. ஓகேவா? அப்புறம், இந்த ஊர் ஜனங்க ரொம்ப வருஷம் முன்னாடியே கிணத்துத் தண்ணி குடிக்கிறத விட்டுட்டாங்க. எல்லா வீட்டுக்கும் பைப்ல நல்ல தண்ணி வருது. கிணறு சும்மா தோட்டத்துக்குத்தான். அதனால இந்த உப்பால யார் உடம்புக்கும் ஒண்ணும் ஆகாது, தனியா ஏற்பாடு எதுவும் தேவையில்ல." கண்ணைத் திருப்பி அவளைப் பார்த்தான். "பரவால்லையே தனா. நெம்மேலில வீட்டுக்கு வீடு பைப்பா? எங்க குவார்ட்டர்ஸ்லயே காலைல ஒரு மணி நேரம்தான் விடுறான்."

 தனகோடி தாளைத் திருப்பி அந்த வாக்கியத்தைத் தேடினாள். கிணறு இருந்தது, கடல் இருந்தது, உப்பு இருந்தது. நடுவில் அவன் சொன்னதும் இருந்தது. எந்தத் தேசத்துக் கரையில் எவன் வீட்டுக் குழாயைப் பற்றி எழுதியதோ, அது அவள் பேருக்குக் கீழே வந்து உட்கார்ந்திருந்தது. அந்த வாக்கியத்தை எடுத்த அன்று அது நன்றாக ஓடுகிறது என்று இரண்டு தரம் வாய்விட்டுப் படித்துப் பார்த்ததுகூட நினைவுக்கு வந்தது.

வசுமதி மேடம் அவர்கள் பெஞ்சுக்கு வந்து நின்றார். "முடிஞ்சுதா? தனகோடி, ஒத்துக்கறீங்களா? இதுதான் நீங்க சொல்ல வந்ததா?"

பதின்மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமா மேடம்" என்றாள் தனகோடி. "இதுதான் சொல்ல வந்தது."

மேடம் டிக் அடித்துவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார். நிதின் குனிந்து, "செம இங்கிலீஷ். நீயே எழுதினதா?" என்றான். அவன் கேட்டதில் விஷமம் இல்லை. விஷமம் இருந்திருந்தால் தேவலை. "ம்" என்றாள்.

எண்ணிப் பார்த்தால் அந்த ஒரு நிமிஷத்தில் இரண்டு பொய். மாவு எடுத்தபோது தெரியாமல் செய்தாள் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இந்த இரண்டும் தெரிந்தே சொன்னது. படூரிலிருந்து ஊர் வரைக்கும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியபடியே வந்தாள். தெரிந்தவர்கள் யாரும் ஏறவில்லை. ஏறியிருந்தாலும் நிமிர்ந்திருக்கமாட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நெம்மேலிக்குப் போனாள். ஏன் போனாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஒருவேளை இந்த ஒரு வருஷத்தில் பைப் வந்திருக்காதா என்ற நப்பாசையாகவும் இருக்கலாம்.

பதினேழாம் எண் கிணறு சம்பூர்ணத்துடையது. சவுக்குத் தோப்பு தாண்டி வீடு. சம்பூர்ணம் வாசலில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வா பாட்டில் பொண்ணே. இன்னா, இன்னிக்கி பையக் காணோம்? வேலைய வுட்டுத் தொரத்திட்டாங்களா?"

"சும்மாதான்கா வந்தேன்."

"சும்மா வர்ற ஆளா நீயி. இரு, தண்ணி குடி."

சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். தனகோடி குடித்தாள். கரித்தது. நாக்கு பழைய எண்ணைச் சொன்னது, பதினேழாம் எண், பிப்ரவரி மாதம்.

"லாரி வரலியாக்கா?"

"வாரத்துல ரெண்டு நாளு வரும். வந்தா நாலு கொடம். அத்த வெச்சிகினு சோறாக்கறதா, குடிக்கிறதா? வராத நாளு இதான். சின்னதுக்கு வவுறு ஒத்துக்கவே மாட்டேங்குது, போயிகினே கீது. ஆஸ்பத்திரில இன்னா தண்ணி குடிக்கிறீங்கன்னு கேட்டா, இத்தத்தான் சொல்றேன்." கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள் சம்பூர்ணம். "ஆமா, பேப்பரு வந்துச்சின்னு அன்னிக்கி மைசூர்பாகு குட்த்துட்டுப் போனியே. அதுல எங்க கெணத்தப் பத்தி இன்னா எழுதிக்கீற?"

"தண்ணி உப்பா கீதுன்னு எழுதினேங்கா."

சம்பூர்ணம் சிரித்தாள். "அடிப்பாவி, அதுக்கா ஒரு வருசம் பாட்டிலத் தூக்கிகினு அலைஞ்ச? என் நாக்கக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லிருப்பேனே." சிரிப்பு அடங்கியதும் கேட்டாள். "நாங்க இத்தத்தான் குடிக்கிறோம்னு எழுதினியா?"

தனகோடி சொம்பைக் கீழே வைத்தாள்.

"எழுதினேன்."

"அது போதும். படிக்கிறவன் எவனுக்காச்சும் ஒறைக்கும்."

அன்று ராத்திரிதான் ஹரிப்ரியாவுக்குப் போன் போட்டாள். ஹரிப்ரியா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு வாக்கியம்டீ. ஒரு வாக்கியத்துக்காக என் வேலையில கை வைப்பியா?" என்றாள். பிறகுதான் அந்த எச்சரிக்கை. தனகோடி போனை வைத்தாள். ஹரிப்ரியாவுக்குக் கைக்குழந்தை, வீட்டுக்காரருக்கு நிரந்தர வேலை கிடையாது. அதெல்லாம் தெரிந்துதான் வைத்தாள்.

திங்கட்கிழமை காலை, காப்பி ஆடை கட்டிக்கொண்டிருக்க, லட்சுமணன் சார் எழுந்து வந்து தானே கதவைச் சாத்தினார்.

"உட்காரு. முதல்ல என்ன ஆச்சுன்னு சொல்லு."

சொன்னாள். பாதியிலேயே அவர் கையை உயர்த்தினார்.

"சரி, ஒரு தப்பான வாக்கியம் போயிருச்சு. திருத்தம்னு ஒண்ணு போட்டுக்கலாம். நீ அங்க போய் சேர்ந்தப்புறம், நிதானமா, அடுத்த வருஷம் போடலாம். எதுக்கு வாபஸ்?"

"ஒரு வாக்கியம் இல்ல சார். நேத்து உக்காந்து பிரிச்சுப் பாத்தேன். அட்டவணையத் தவிர என் வாக்கியம்னு அதுல ஏழுதான் இருக்கு. மீதி எல்லாம் எவனோ எழுதினது."

"எல்லாரும் அப்படித்தாம்மா எழுதறாங்க."

"நம்ம லேப்ல எல்லாரும் சார்."

அவர் முகம் சற்றே கறுத்தது. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எழுபத்தெட்டுல என் முதல் பேப்பரை அனுப்பினேன். ஆறு மாசம் கழிச்சு திரும்பி வந்துச்சு. ஆராய்ச்சியப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. 'இங்கிலீஷ் தெரிஞ்ச யார்கிட்டயாவது காட்டி அனுப்பவும்'னு ஒரே வரி. அப்ப நான் வேலை பார்த்த இடத்து டைரக்டர் அதை எல்லார் முன்னாலயும் வாசிச்சாரு. நான் கோவில்பட்டிப் பக்கம், அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கெழுதினவரு. எங்க போய் யாரைத் தேடுவேன்? அன்னிக்கு ராத்திரி ஆரம்பிச்சேன், ஒவ்வொரு வாக்கியமா எழுதி வெக்க. என் பிள்ளைங்க யாரும் அப்படி நிக்கக்கூடாதுன்னு. உன்னை மாதிரி வர்றவங்களுக்காகத்தான் அந்த ஃபைல்."

அவர் சொன்னது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் கோபத்தைக் கிளப்பியது.

"எனக்காகன்னு சொல்லாதீங்க சார். எனக்கு எழுதச் சொல்லிக் குடுத்திருந்தா எனக்காகன்னு வெச்சுக்கலாம். பதினோரு பக்கம் எழுதிக்கினு வந்தேன். ரெண்டு பக்கம்தான் படிச்சீங்க."

"அதை அனுப்பியிருந்தா திரும்பி வந்திருக்கும்."

"வந்திருக்கட்டுமே. அதுல ஜனங்க கெணத்துத் தண்ணி குடிக்கிறாங்கன்னு இருந்துச்சு. மோசமான இங்கிலீஷ்ல இருந்துச்சு. இருந்துச்சு இல்ல?"

 சார் குரலைத் தணித்துக்கொண்டார். "இதப் பாரு. அந்தப் பேப்பரை உலகத்துல முப்பது பேர் படிச்சிருந்தா அதிகம். யாரும் படிக்கிறதில்லம்மா இதையெல்லாம்."

"நானே படிக்கலியே சார்" என்றாள் தனகோடி. "எம் பேரப் போட்டு வந்தத நானே படிக்கல. எவனோ ஒருத்தன் தமிழ்ல சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது. அப்பக்கூட ஆமா நான் எழுதினதுதான்னு சொல்லிட்டு வந்தேன். அந்தம்மா கெணத்துத் தண்ணியக் குடிச்சிட்டு, அவங்க மூஞ்சப் பாத்து, நீங்க குடிக்கிறத எழுதிட்டேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"ஹரிப்ரியா என்ன ஆவான்னு யோசிச்சியா? நான் என்ன ஆவேன்? ரிட்டயர் ஆகி ரெண்டாவது வேலையில இருக்கேன். நீ என்ன ஆவே? ரெகமெண்டேஷன் குடுத்தவன் நான். பேப்பர் தப்புன்னு நானே எழுதினா, அப்புறம் அந்த லெட்டருக்கு என்ன மதிப்பு?"

"தெரியும் சார்."

தோள்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு கடிதம். அதே கடிதத்தின் நகல் பல்கலைக்கழகத்துக்கும் என்று கீழே எழுதியிருந்தது. கையெழுத்தில் பதினாறு வரி. ராத்திரி முழுக்க எழுதியது. எந்த ஏழு வாக்கியம் மட்டும் தன்னுடையது, எது பொய், நெம்மேலியில் உண்மையில் என்ன குடிக்கிறார்கள், எண்கள் மட்டும் சரி என்று இருந்தது. "நீங்களும் கையெழுத்துப் போட்டா ஒரே கடிதமாப் போகும். அதுக்குத்தான் வந்தேன்."

சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பக்கத்தில் இழுத்தார். முதல் வரியைப் படித்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனா தானாக வெளியே வந்தது. ஒரு சொல்லைச் சுழித்தார். இரண்டாம் வரியில் ஒன்றை அடித்து மேலே வேறொன்றை எழுதினார். மூன்றாம் வரியில் பாதி வாக்கியத்தை வட்டமிட்டு, ஓரத்தில் நல்லதாக ஒன்று எழுதத் தொடங்கினார். முப்பது வருஷப் பழக்கம். நான்காம் வரிக்கு வந்தபோதுதான் அது என்ன சொல்கிறது என்பது அவருக்கு உறைத்தது. அதில் அவர் பேர் இருந்தது. பேனா நின்றது.

தனகோடிக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தச் சிவப்பு மையைப் பார்த்து அவ்வளவு தப்பா விட்டிருக்கிறோம் என்றுதான் முதலில் மனசு குன்றியது. பழைய புத்தி. ஒரு கணம், எழுதி முடிக்கட்டுமே, நல்ல இங்கிலீஷில் போகட்டுமே என்றுகூடத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அவள் மேல் அவளுக்கே வந்த வெட்கம், சனிக்கிழமை பட்ட வெட்கத்தைவிடப் பெரியதாக இருந்தது.

"திருத்தாதீங்க சார்" என்று சொல்லித் தாளை அவர் கைக்கு அடியிலிருந்து இழுத்துக்கொண்டாள்.

"இந்த இங்கிலீஷ்லயா அனுப்பப்போற? சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். கையெழுத்துப் போடறீங்களா இல்லியா?"

அவர் பேனாவை மூடினார். மூடிய பேனாவைப் பைக்குள் செருகாமல் விரலில் உருட்டிக்கொண்டே இருந்தார். "யோசிச்சு செய்மா. உங்கப்பாகிட்ட என்ன சொல்லுவே?"

 செப்டம்பர் வராது என்பதை லாரிக்காரர் எல்லப்பனுக்கு எந்த வார்த்தையில் சொல்வது என்று அவள் இன்னும் யோசித்திருக்கவில்லை. ஆனால் இதே கடிதத்தை இன்னொரு தாளிலும் எழுதி, தான் மட்டும் கையெழுத்துப் போட்டு, ராத்திரியே மடித்து உறையில் போட்டு, தபால் தலையும் ஒட்டி வைத்திருந்தாள். சார் மறுப்பார் என்று தெரிந்துதான் ஒட்டினாள். கேட்காமல் அனுப்பக்கூடாது என்பதற்காகத்தான் வந்தாள்.

"வரேன் சார்."

கதவைத் திறந்தாள். ஆய்வகத்தில் இரண்டு பேர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் கம்ப்யூட்டர் திரைக்குத் திரும்பினார்கள். அவள் நடுவில் நடந்து, படியிறங்கி, போஸ்ட் ஆபீஸ் இருக்கிற பக்கமாக ரோட்டைக் கடந்தாள்.